உதவி இருக்கிறது, தகவல்தான் வந்து சேரவில்லை

என் பெரியம்மா மகன் எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று, பல்கலைக்கழக இடமும் கிடைத்திருந்த நேரம். ஒரு நாள் மாலை, உறவினர் ஒருவர் புலனத்தில் ஓர் அறிவிப்புப் படத்தை அனுப்பினார். இந்திய மாணவர்களுக்கான கல்வி உதவிநிதி பற்றிய அறிவிப்பு அது. அண்ணன் அன்றிரவே பாரத்தை நிரப்பினார். பெரியம்மா மறுநாள் வேலைக்கு விடுப்பு எடுத்துச் சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் நகலெடுத்து வந்தார். கடைசியில் ஒரு சந்தேகம் கேட்க அங்கே தொலைபேசியில் அழைத்தபோது, "தம்பி, இது போன மாதமே முடிஞ்சு போச்சே" என்றார்கள்.

படத்தின் அடிப்பகுதியில்தான் கடைசித் தேதி இருந்திருக்கிறது. யாரோ அதை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். அது பத்துக் குழுக்களைச் சுற்றி, ஒரு மாதம் தாமதமாக எங்கள் வீட்டிற்கு வந்தது.

பெரியப்பா நோய்வாய்ப்பட்டிருந்த ஆண்டு அது. முதல் பருவச் செலவுக்கு அந்தப் பணத்தைத்தான் வீட்டில் நம்பியிருந்தார்கள். அண்ணன் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

அப்போது நான் நான்காம் படிவத்தில் இருந்தேன். இப்போது கோலாலம்பூரில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. சென்ற ஆண்டு நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து, கல்வி உதவி வாய்ப்புகளைப் பகிர்வதற்காக ஒரு சிறிய இணைய ஏபிஐ கட்டினோம். அதைக் கட்டும்போது கற்றதையும், நாங்கள் செய்த ஒரு பெரிய தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

உதவி இல்லையா, தகவல் இல்லையா?

நம் மாணவர்களுக்கு உதவியே இல்லை என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். போதவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். இல்லவே இல்லை என்பது சரியன்று.

1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பிடிபிடிஎன் கல்விக் கடன் தருகிறது. முதல் வகுப்பில் இளங்கலைப் பட்டம் பெறுபவர்கள் அதைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது இன்னும் பல மாணவர்களுக்குத் தெரியாது. பொதுச் சேவைத் துறை உபகாரச் சம்பளம் வழங்குகிறது. பேங்க் நெகாரா, பெட்ரோனாஸ், யாயாசான் கசானா, யாயாசான் சைம் டார்பி போன்றவற்றுக்குத் தனித் திட்டங்கள் உள்ளன. 1984இல் ம.இ.கா. தொடங்கிய எம்ஐஇடி இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடனுதவி அளித்து வந்துள்ளது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி ஊக்கத்தொகை தருகிறது. இவை தவிர ஆலயங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், அறவாரியங்கள் தரும் சிறு சிறு உதவிகளும் உண்டு.

சிக்கல் என்னவென்றால், இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில், ஒவ்வொரு வடிவத்தில் அறிவிக்கப்படுகின்றன. ஒன்று மலாய் மொழியில் 12 பக்கக் கோப்பு. இன்னொன்று ஆங்கில இணையப்பக்கம். மற்றொன்று ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள். இந்த மூன்றையும் ஒரே மாணவர் ஒரே வாரத்தில் பார்க்க வேண்டுமென்றால், அவர் வீட்டில் ஏற்கெனவே பல்கலைக்கழகம் போன ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை.

ஏபிஐ என்றால் என்ன?

பயன்பாட்டு நிரல் இடைமுகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஏபிஐ. பெயர் பெரிது, வேலை எளிது. ஒரு கணினி நிரல் இன்னொரு நிரலிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கான வாசல் அது.

நான் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் போகிறேன். ரயில் இப்போது எங்கே வருகிறது என்று கைப்பேசிச் செயலியில் பார்க்க முடிகிறது. அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.மை, கேடிஎம் ரயில்கள் இருக்கும் இடத்தை ஏபிஐ வழியாக வெளியிடுகிறது. எந்த மாணவரும் அந்தத் தரவை எடுத்துத் தனக்குப் பிடித்த செயலியைக் கட்டலாம்.

அந்தத் தரவு ஜிடிஎப்எஸ் என்ற பொது வடிவத்தில் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகளும் சேர்ந்து தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்தது அது. நிறுத்தத்தின் பெயர் எந்தக் கட்டத்தில், நேரம் எந்தக் கட்டத்தில் என்று எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்றுவதால், போர்ட்லண்டுக்காக எழுதிய நிரல் கோலாலம்பூரிலும் ஓடும்.

உதவி நிதித் துறையிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. பிரிட்டனில் 360கிவிங் என்ற அமைப்பு, அறக்கட்டளைகள் யாருக்கு எவ்வளவு மானியம் கொடுத்தன என்பதை ஒரே வடிவத்தில் வெளியிட வழி செய்திருக்கிறது. அது கொடுத்து முடித்த மானியங்களின் கணக்கு. அமெரிக்காவின் கிராண்ட்ஸ்.கவ் தளமோ, மத்திய அரசின் மானியங்களுக்கு இனி விண்ணப்பிக்கக்கூடிய வாய்ப்புகளைப் பட்டியலிடுகிறது. அதற்கும் ஏபிஐ உண்டு. எங்களுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டாவது வகைதான், நம் ஊர் அளவில்.

"ஒரு இணையத்தளம் போதுமே, எதற்கு ஏபிஐ?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் நம் மாணவர்கள் எங்கள் தளத்தைத் தேடி வரமாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே இருக்கும் இடங்கள் வேறு. டியூஷன் நிலையத்தின் பக்கம், ஆசிரியரின் புலனக் குழு, பள்ளியின் தொலைக்காட்சித் திரை. அங்கெல்லாம் தகவல் தானாகப் போய்ச் சேர வேண்டும். தளம் என்பது ஒரு கடை மாதிரி. ஏபிஐ எல்லாக் கடைக்கும் சரக்கு அனுப்பும் கிடங்கு மாதிரி.

ஒரு கட்டத்திற்குள் இத்தனை சிக்கலா?

நிரல் எழுதுவது ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. பைத்தான் மொழி, பாஸ்ட்ஏபிஐ கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். மூன்றும் இலவசம், மூன்றுக்கும் இணையத்தில் பாடங்கள் உண்டு. "எஸ்டிபிஎம் முடித்தவர், பொறியியல் படிக்க விரும்புகிறார், இன்னும் முடியாத உதவிகள் எவை?" என்ற கேள்வியை ஓர் இணைய முகவரியாக அனுப்பினால், ஜேசன் வடிவில் பட்டியல் திரும்பி வரும்.

சிக்கலெல்லாம் தரவில்தான். "குடும்ப வருமானம்" என்ற ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில அறிவிப்புகள் "பி40 குடும்பம்" என்கின்றன. 2022 கணக்கெடுப்பின்படி நாடளவில் அது மாதம் 5,250 ரிங்கிட்டுக்குக் கீழ். வேறு சில தாமே ஒரு தொகையைக் குறிப்பிடுகின்றன. இன்னும் சில, மொத்த வருமானத்தைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்துத் தலைக்கு எவ்வளவு என்று பார்க்கின்றன. 6,000 ரிங்கிட் சம்பாதிக்கும் மூன்று பேர் குடும்பமும், அதே 6,000 ரிங்கிட்டில் வாழும் எட்டுப் பேர் குடும்பமும் முதல் முறையில் ஒன்று. கடைசி முறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆகவே ஒரு கட்டமாக இருந்ததை மூன்றாகப் பிரித்தோம்.

அடுத்தது நம் தமிழ். தலைப்புகளைத் தமிழிலும் சேர்த்திருந்தோம். "பொறியியல்" என்று தேடினால் சில பதிவுகள் வரவில்லை. திரையில் பார்த்தால் எழுத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. யூனிகோடில் "பொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். "ப"வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என இரண்டு குறியீடுகளாக வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே வடிவத்திற்கு மாற்றும் இயல்பாக்கம் என்ற முறையைச் சேர்த்ததும் தேடல் சரியானது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளோடு கணினித் தமிழுக்கு வழி போட்டவர். அவர் போன்றோர் எவ்வளவு நுணுக்கமான வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

"என் போனுக்குப் படம் தெரியாதும்மா"

பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951இல் தொடங்கப்பட்ட அமைப்பு. அந்த வட்டாரத்தில் வெள்ளைக் கைத்தடியோடு நடந்து போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு மாமா உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்கிறார். அவருடைய மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். ஒரு நாள் அவருக்கு உதவியாக இருக்குமே என்று ஓர் அறிவிப்புப் படத்தை அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் அழைத்தார். "ஏம்மா, என்னமோ அனுப்பியிருக்கியே, படமா? என் போனுக்குப் படம் தெரியாதும்மா. எழுத்தா அனுப்பினா அது எனக்கு வாசிச்சுக் காட்டும்."

அவருடைய கைப்பேசியில் திரை வாசிப்பான் இருக்கிறது. எழுத்தை அது குரலாக மாற்றும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குப் பல வேளைகளில் வெறும் படம்தான். உதவி அறிவிப்புகளில் பெரும்பாலானவை நமக்குப் படமாகவே வருகின்றன. அழகாக வடிவமைத்து, வண்ணமடித்து, ஒரு தந்தையை வெளியே நிறுத்திவிடுகிறோம்.

அன்றிலிருந்து எங்கள் விதி இதுதான்: படத்தில் உள்ள எல்லா விவரத்தையும் எழுத்தாகத் தட்டச்சு செய்யாமல் எந்தப் பதிவும் வெளியே போகக் கூடாது. இப்போது மாமா தாமே கேட்டுத் தெரிந்துகொண்டு, மகளுக்கு நினைவூட்டுகிறார். அவள் "அப்பா தொல்லை தாங்கல அக்கா" என்று என்னிடம் சலித்துக்கொள்கிறாள்.

நாங்கள் செய்த தவறு

இனிச் சொல்லப்போவது எழுதுவதற்குச் சங்கடமான பகுதி.

நம் நாட்டில் நாளை முதலில் எழுதுகிறோம், பிறகு மாதம். 05/04 என்றால் ஏப்ரல் 5. அமெரிக்க வழக்கில் அது மே 4. நாங்கள் பயன்படுத்திய தேதி வாசிக்கும் நிரல், வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அமெரிக்க வழக்கையே எடுத்துக்கொள்ளும். ஆனால் 25/04 என்று இருந்தால், 25ஆவது மாதம் இல்லை என்பதால் தானாகவே ஏப்ரல் 25 என்று சரியாகப் படித்துவிடும். அதாவது, 13 முதல் 31 வரையுள்ள நாள்கள் எல்லாம் சரி. 12 வரையுள்ள நாள்கள் மட்டும் தலைகீழ். நாங்கள் சோதித்துப் பார்த்த பதிவுகள் மாதக் கடைசித் தேதிகளாக அமைந்துவிட்டன. "எல்லாம் சரி" என்று கைகுலுக்கிக்கொண்டோம்.

கிள்ளானில் ஒரு டியூஷன் நிலையம் எங்கள் ஏபிஐயிலிருந்து தினமும் காலையில் பட்டியலை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு வந்தது. அங்கே படித்த ஒரு மாணவி ஓர் உபகாரச் சம்பளத்தைக் குறித்து வைத்திருந்தார். எங்கள் தரவு சொன்ன கடைசி நாள் மே 4. உண்மையான கடைசி நாள் ஏப்ரல் 5. ஏப்ரல் 3ஆம் தேதி மாலை அவருடைய ஆசிரியை மூல அறிவிப்பைத் தற்செயலாகத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு அழைத்தார். திட்டவில்லை. "உங்க தேதியை ஒரு தடவை பாரும்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த மாணவிக்கு இருந்தது இரண்டு நாள். அப்பாவின் முதலாளியிடம் சம்பளக் கடிதம் வாங்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ்களுக்குக் கையொப்பம் வேண்டும். "என் எதிர்காலத் திட்டம்" என்ற கட்டுரை எழுத வேண்டும். ஒரு மாதம் நிதானமாக எழுதலாம் என்று நினைத்திருந்த கட்டுரையை ஒரே இரவில் எழுதி, ஏப்ரல் 5 இரவு அனுப்பினார்.

அந்த உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை. நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "போட்டி அதிகம் அக்கா, உங்களால் இல்லை" என்றார். இருக்கலாம். ஆனால் அந்த ஒரு மாதம் அவருக்கு இருந்திருந்தால் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அண்ணனுக்குப் படத்தை வெட்டி அனுப்பியவரை நான் எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! அவரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் அனுப்பியிருப்பார். இப்போது அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன்.

அன்றிரவு நாங்கள் நால்வரும் ஏபிஐயை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தேதியையும் மூல அறிவிப்போடு ஒப்பிட்டோம். பிறகு நான்கு மாற்றங்கள் செய்தோம். ஒன்று, தேதிகள் எல்லாம் ஆண்டு, மாதம், நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 அனைத்துலக முறையில் மட்டுமே சேமிக்கப்படும். மக்களுக்குக் காட்டும்போது மாதத்தை எண்ணாக அல்லாமல் பெயராகவே எழுத வேண்டும். இரண்டு, ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் சரிபார்த்த பிறகே பதிவு வெளியாகும். மூன்று, மூல அறிவிப்பின் முகவரி இல்லாத பதிவுக்கு இடமில்லை. நான்கு, "கடைசியாகச் சரிபார்த்த நாள்" என்ற கட்டம் ஒவ்வொரு பதிவோடும் போகும். 14 நாள்களாக யாரும் சரிபார்க்கவில்லை என்றால் பதிவு தானாகவே எச்சரிக்கை காட்டும்.

இந்த நான்கிலும் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியவை. நிரல் பிழை காட்டாமல் ஓடுவதை, நிரல் உண்மை பேசுவதாக எடுத்துக்கொண்டோம். 200 என்ற குறியீடு திரும்பி வந்தால் கோரிக்கை வெற்றி என்று பாடத்தில் படிக்கிறோம். தவறான தேதியும் 200 என்ற குறியீட்டோடுதான் போனது.

பத்து வெள்ளியும் ஒரு பதிவும்

கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் வருவது ஜாலான் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனியே ஒரு தோட்டத்தை வாங்க முடியாதவர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்கினார்கள். அந்தச் சாலையில் நடக்கும்போது, தகவலுக்கும் அப்படி ஒரு கூட்டுறவு தேவை என்று நினைப்பேன். ஒருவருக்கு எல்லா உதவிகளும் தெரியாது. ஆளுக்கு ஒன்று தெரியும். அதைச் சரியாக, முழுமையாக ஒரே இடத்தில் போட்டால் போதும்.

மாணவ நண்பர்களே, இதற்கு நீங்கள் நிரலர் ஆக வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் ஒரு பொது அட்டவணை தொடங்குங்கள். உதவியின் பெயர், யாருக்கு, வருமான வரம்பு, கடைசி நாள், மூல முகவரி, சரிபார்த்த நாள் என்று ஆறு கட்டங்கள் போதும். கணினி ஆர்வம் உள்ளவர்கள் பிறகு அதையே ஏபிஐயாக மாற்றலாம். புலனத்தில் ஓர் அறிவிப்பு வந்தால், அனுப்பும் முன் மூலத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டு இல்லாத அறிவிப்பை அனுப்பாதீர்கள். அடையாள அட்டை எண்ணை எந்த அட்டவணையிலும் கேட்காதீர்கள். நாங்கள் மாணவர்களின் எந்தத் தனிப்பட்ட விவரத்தையும் சேமிப்பதில்லை. சேமிக்காததை யாரும் திருட முடியாது. உதவி தருவதாகச் சொல்லி முன்பணமோ, வங்கிக் கடவுச்சொல்லோ கேட்டால் அது மோசடி என்றே கொள்ளுங்கள்.

எங்கள் பட்டியலில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கான பிரிவை இந்தப் பருவத்தில்தான் சேர்த்தோம். அது என் யோசனை. காரணம் நண்பர்களுக்குத் தெரியும். சென்ற ஞாயிறு அதில் இருந்த ஒரு பதிவை அண்ணனுக்கு அனுப்பினேன். கடைசி நாள், மூல முகவரி, சரிபார்த்த நாள் எல்லாம் இருந்தன.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "தேதி சரியாப் பார்த்தியா?" என்று கேட்டிருந்தார்.

"ரெண்டு பேர் பார்த்தோம் அண்ணா" என்று எழுதினேன்.